இருட்டுத் தட்டு

டிசம்பர் பதினேழு. தார்த்து நகரத்தில்
சூரியன் ஒன்பது மணிக்கு வந்து
மூன்றேகாலுக்கெல்லாம் பையைத் தூக்கிவிடுகிறது.
இருந்த நேரத்திலும் மேகத்துக்குப் பின்னால்தான்
உட்கார்ந்திருந்தது.

மாரிகா லெப்பிக் ஏழாம் எண் பேருந்தில்
பஞ்சுக்குச்சியால் கம்பிகளை ஒற்றியெடுக்கிறாள்.
மூன்று கம்பிகளில் டைட்டானியம் டை ஆக்சைடு,
மூன்றில் ஒன்றுமில்லை.
பார்த்தாலும் தெரியாது, பிடித்தாலும் தெரியாது.
பூசியவளுக்கே கைப்பேசிக் குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

"உங்கள் பூச்சு வேலை செய்கிறதா?"
கண்ணாடி வழியாகக் கேட்கிறார் ஓட்டுநர் தைவோ.
"ஜூன் மாதத்தில்" என்கிறாள்.
"நானும் அப்படித்தான்."

வேலை என்றால் இதுதான்:
ஒளி வந்து தட்ட வேண்டும்,
அதுவும் ஊதாவுக்கு அப்பாலிருக்கும் ஒளி.
தட்டியதும் ஓர் எலக்ட்ரான் எழுந்து போகும்.
அது இருந்த இடம் காலி.
காலியிடத்துக்குத்தான் பசி.
மேலே ஒட்டியிருக்கும் ஈரத்திடம் பிடுங்கித் தின்னும்.
பறிகொடுத்த தண்ணீர் சும்மா இருக்குமா,
எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும்.
நொடியின் நூறு கோடியில் சில பங்குதான் அதற்கு ஆயுள்,
அதற்குள் ஒரு செல்லின் சுவரில் ஓட்டை.
ஆக்சைடு மட்டும் போட்டது போட்டபடி இருக்கும்,
அடுத்த ஒளிக்கு.

ஆய்வகத்தில், விளக்கின் கீழ் தட்டுகள்.
இரண்டை மட்டும் அலுமினியத் தாளில் சுற்றியிருக்கிறாள்
அடுப்பில் வைக்கும் உருளைக்கிழங்கைப் போல.
ஒன்றில் டைட்டானியம், மற்றதில் துத்தநாக ஆக்சைடு.
வெளிச்சம்தான் செய்தது என்று சொல்ல
வெளிச்சம் பார்க்காத ஒரு சாட்சி வேண்டும்.

மறுநாள் எண்ணினாள்.
விளக்கடியில் பத்தாயிரத்துக்கு ஒன்று மிச்சம்.
தாளைப் பிரித்தால், டைட்டானியத்தின் இருட்டில்
எண்ணி மாளாத வெள்ளைப் புள்ளிகள்:
இங்கு யாவரும் நலம்,
உங்கள் நலமறிய ஆவல்.

துத்தநாகத்தின் இருட்டில்
ஒன்றுமே இல்லை.

முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள்.
தாளில் கிழிசலா என்று சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்;
சன்னலில் ஏது வெளிச்சம்?
விளக்குக்கே திரும்பி வந்து பார்த்தாள். கிழிசல் இல்லை.
மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் வெறுந்தட்டு.

துத்தநாகம் யாருக்கும் காத்திருக்கவில்லை.
ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து
தன்னைச் செலவழித்துக் கொன்றிருக்கிறது.
எத்தனை குளிர்காலத்துக்கு மிஞ்சும், தெரியாது.
கம்பியைக் கழுவிய நீர் எமயொகி ஆற்றில் கலந்து
அங்கே எதைக் கொல்லும்,
அதுவும் தெரியாது.
"தெரியாது" என்று இரண்டு வரிகள் அறிக்கையில் சேர்த்தாள்.

நிறுவனத்திலிருந்து ரைமோ பார்ன் அழைத்தார்.
ஆண்டு முடிவதற்குள் படம் வேண்டுமாம்.
"அந்த இருட்டுத் தட்டைப் படத்தில் போடத்தான் வேண்டுமா?
வாங்குகிறவர்கள் குழம்புவார்கள்."

"மக்கள் எத்தனை மணிக்குப் பேருந்தில் ஏறுகிறார்கள், ரைமோ?"

"ஏழரைக்கு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் சன்னலைப் பார்த்திருக்க வேண்டும்,
தொண்டையைச் செருமும் ஒலி கேட்டது.
"சரி, போடுங்கள். சின்னதாகப் போடுங்கள்."
எல்லாவற்றையும் ஒரே அளவில்தான் போட்டாள்.

வீட்டுக்குப் போகும்போது அதே ஏழாம் எண்.
மேலே மஞ்சள் விளக்குகள்,
முகம் பார்க்கப் போதும், எலக்ட்ரானை எழுப்பப் போதாது.
ஒரு பையன் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி
எச்சில் விரல்களோடு கம்பியைப் பற்றுகிறான்.
தும்முகிறான். மறுபடி பற்றுகிறான்.

வண்டி வளைவில் திரும்ப, எல்லோரும் சாய,
அவளும் கைக்கெட்டியதைப் பிடித்துக்கொள்கிறாள்.
எந்தக் கம்பி என்று
குறிப்பை எடுத்துப் பார்க்கவில்லை.